முஹாஜிர்களை வாழவைத்த அன்ஸார்கள்: வடசென்னைக்கு ஒரு பாடம்

 

  

சொந்த மண்ணை இழந்தோ, பிழைப்புக்காக அதனைப் பிரிந்தோ நம்மிடையே வந்து சேர்ந்த ஒருவருக்கு நாம் செய்ய வேண்டிய உதவி எது? நம் மஹல்லாக்களில் இந்த வினாவைக் கேட்டால், ஒரு வேளை உணவு, பெருநாளுக்குத் துணி, ரமளானில் ஃபித்ரா அரிசி என்று விடை வரும். இவையெல்லாம் நன்மையான செயல்கள். அல்லாஹ்விடம் கூலி உள்ளவை. ஆயினும் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் மதீனாவில் நடத்திக் காட்டிய வழி இதனைவிட நெடியது. வந்தவரை அந்த வழி ஊராராகவே ஆக்கியது. அது எப்படி நடந்தது, அதற்கு நம் வடசென்னை தரும் சான்று என்ன, இன்று நம்மீதுள்ள பொறுப்பு என்ன என்பவற்றை இவ்வாரம் சிந்திப்போம்.

மதீனாவில் நடந்தது என்ன?

கி.பி. 622இல் மக்காவிலிருந்து முஹாஜிர்கள் மதீனா வந்தபோது வீடு, வாசல், வணிகம் அனைத்தையும் விட்டுவிட்டு வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலைக் கட்டியதோடு, ஒரு முஹாஜிருக்கு ஓர் அன்ஸாரி என்று சகோதரத்துவ உடன்படிக்கையும் செய்து வைத்தார்கள். இவ்வாறு இணைக்கப்பட்டோர் சுமார் 90 பேர் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகின்றனர். ‘முஆகாத்’ என்னும் அந்த ஏற்பாட்டின் சிறப்பை எண்ணிப் பாருங்கள். வந்தவர்கள் ஒரு கூட்டமாக ஒதுக்கப்படவில்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி அழைக்க ஒரு சகோதரர் கிடைத்தார். அவருடைய நலத்துக்குப் பொறுப்பாக ஒரு வீடு இருந்தது.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக அமைந்தவர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி). மதீனாவின் செல்வந்தர்களில் ஒருவரான அவர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ அவருக்காக பரக்கத் வேண்டித் துஆ செய்துவிட்டு, சந்தைக்குச் செல்லும் வழியை மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தை காட்டப்பட்டது. அங்கு பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று, சிறிது காலத்திலேயே சொந்த உழைப்பில் மஹர் கொடுத்து மணமுடித்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியில் இருவருமே நமக்குப் பாடம். கொடுப்பவர் பாதியைக் கொடுக்கும் மனத்தோடு இருந்தார். பெறுபவர் கையேந்தாமல் வாழும் வாய்ப்பைத் தேடினார்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. தங்கள் பேரீச்சந் தோட்டங்களை முஹாஜிர்களுக்குப் பங்கிட்டுத் தருமாறு அன்ஸார்கள் வேண்டியபோது, நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்கவில்லை. அதன்பின் தோட்ட வேலையில் முஹாஜிர்கள் பங்கேற்பது, விளைச்சலில் இருசாராரும் பங்கு பெறுவது என்று முடிவாயிற்று. ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றிக்குப் பின் வசதி வந்ததும், கனி பறித்துக்கொள்ள அன்ஸார்கள் அன்பளிப்பாகத் தந்திருந்த மரங்களை முஹாஜிர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். அன்ஸார்களின் உதவி ஏறக்குறைய ஆறே ஆண்டுகளில் வந்தவர்களைத் தம் காலில் நிற்க வைத்துவிட்டது!

அன்ஸார்களில் பெரும்பாலோர் செல்வந்தர்கள் அல்லர். தமக்கே தேவை இருந்தும் பிறரைத் தம்மினும் முற்படுத்தினார்கள் என்றுதான் 59ஆம் அத்தியாயத்தின் 9ஆம் வசனத்தில் அல்லாஹ் அவர்களைப் புகழ்கிறான். வந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டதைக் கண்டு அவர்கள் உள்ளத்தில் பொறாமை எழவில்லை என்பதும் அவ்வசனத்தின் கருத்து. ‘எங்களுக்கே போதவில்லை, பிறருக்கு எங்கே செய்வது?’ என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

பர்மாவிலிருந்து வந்த கப்பல்கள்

மதீனாவின் வரலாறு ஏதோ எட்டாத காலத்துக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். நம் துறைமுகத்தின் வாசலிலேயே அதற்கொரு சான்று இருக்கிறது.

வெள்ளையர் ஆட்சியில் தமிழர்கள் பெருந்தொகையினராக பர்மா சென்றார்கள். வட்டித் தொழில், அரிசி ஆலை, ரங்கூன் துறைமுகக் கூலி, கடை வணிகம் எனப் பல தொழில்களில் அவர்கள் இருந்தார்கள். தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கும் ரங்கூனில் கடைகளும் பள்ளிவாசல்களும் இருந்தன. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பர்மாவில் வாழ்ந்த இந்தியர் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர். ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியரே. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பல லட்சம் பேர் காடு மலைகளைக் கடந்து கால்நடையாக இந்தியா வந்தார்கள். வழியில் மடிந்தோர் பல்லாயிரம்.

1962 மார்ச் 2ஆம் நாள் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. 1964இல் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. தலைமுறைகளாகச் சேர்த்தவை ஒரே அறிவிப்பில் பறிபோயின. கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய அந்த மக்களுக்குத் தமிழ்நாடு பெயரளவில் தாயகம்; அவர்களுள் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். 1963 முதல் தமிழ்நாட்டுக்கு இவ்வாறு திரும்பியவர்கள் ஏறத்தாழ 1,44,000 பேர் என்று அரசுக் குறிப்புகள் கூறுகின்றன.

அவர்களுக்கு முகாமும் உதவித்தொகையும் வழங்கப்பட்டன. எனினும் அவர்களை நிலைநிறுத்தியவை வேறு. துறைமுகத்துக்கு எதிரே, கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய சாலையில் கடை வைக்க இடம் ஒதுக்கப்பட்டது. 1960களின் இறுதியில் அவ்வாறு தோன்றியதே பர்மா பஜார். தாயகம் திரும்பியோருக்குக் கடன் வழங்குவதற்கென்றே 1969இல் ரெப்கோ வங்கி சென்னையில் தொடங்கப்பட்டது. வியாசர்பாடி, எண்ணூர் போன்ற இடங்களில் குடியிருக்க நிலம் கிடைத்தது. கடை, கடன், குடியிருப்பு ஆகிய மூன்றும் கிடைத்த இடத்தில் ஒரு தலைமுறைக்குள் ‘அகதி’ என்ற சொல் மறைந்தது. இன்று பாரிமுனையில் அத்தோ சாப்பிடும் இளைஞருக்கு அது அகதிகள் கொண்டுவந்த உணவு என்பதே தெரியாது. ஸஅத் (ரலி) அவர்கள் சந்தைக்கு வழி காட்டியதன் பொருள் இதுதான்.

அந்த வாய்ப்பு அனைவருக்கும் கிடைத்துவிடவில்லை. தமிழ்நாட்டில் காலூன்ற முடியாமல், தரைவழியாக மீண்டும் பர்மாவுக்கே செல்லப் புறப்பட்டோரும் உண்டு. எல்லையைத் தாண்ட முடியாமல் மணிப்பூரின் மோரே நகரில் தங்கிவிட்ட அவர்களால் அங்கு ஒரு தமிழ்க் குடியிருப்பே உருவாயிற்று. தாயகமே வாழ வழி காட்டாதபோது, விரட்டிய நாட்டை நோக்கியே மனிதன் நடக்கத் துணிகிறான்!

வாழவைக்காத உதவி

உணவும் கூடாரமும் கிடைத்தும், ஊராராக ஏற்கப்படாத நிலை எப்படி இருக்கும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் இலங்கையில் ஒரு சான்று உள்ளது. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. ஏறத்தாழ 75,000 பேர் உடுத்த துணியோடு வெளியேறினார்கள். பெரும்பாலோர் புத்தளத்தை அடைந்தார்கள். புத்தளம் முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் தென்னந்தோப்புகளையும் திறந்துவிட்டார்கள். அன்ஸார்களை நினைவூட்டிய செயல் அது. ஆயினும் ஆண்டுகள் நீண்டன. வந்தவர்கள் உலர் உணவுப் பங்கீட்டை நம்பிய முகாம்வாசிகளாகவே இருந்தார்கள். வேலை, பள்ளியிடம், நிலம், தண்ணீர் ஆகியவற்றில் இருசாராருக்கும் உரசல் வளர்ந்தது. ஒரே கலிமாவைச் சொல்லும் மக்களிடையே ‘ஊரார்’, ‘அகதி’ என்ற இரு பெயர்கள் நிலைத்துவிட்டன.

புத்தளத்து மக்களின் ஈகையில் குறை காண நமக்கு உரிமையில்லை. ஏழ்மையான ஓர் ஊர் தன் சக்திக்கு மேல் செய்தது. அவசர உதவிக்குப் பின் வாழ்வாதாரமும் ஊர் உரிமையும் வந்தாக வேண்டும். இல்லையெனில் ஈகை செய்த உள்ளங்களும் சலித்துப் போகும் என்பதே நாம் பெறும் படிப்பினை.

இன்று நம்மிடையே இருப்போர்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளி வரை நீளும் நம் பகுதி, வந்தவர்களால் உருவான பகுதி. துறைமுகமும் ரயில்வேயும் ஆலைகளும் எத்தனையோ மாவட்டங்களின் மக்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. மண்ணடியில் தென்மாவட்டங்களிலிருந்து வந்து கடை வைத்த நம் முன்னோரும் ஒரு காலத்தில் புதியவர்களே. இன்று அந்த இடத்தில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் மாநிலத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். வடக்கே புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. தெற்கே கேளம்பாக்கத்தில் மியான்மரிலிருந்து, அதாவது அதே பர்மாவிலிருந்து, விரட்டப்பட்ட ரோஹிங்கியா குடும்பங்கள் சில பல ஆண்டுகளாகத் தங்கிவந்துள்ளன. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழருக்கும் வழிவிடவில்லை, ரோஹிங்கியருக்கும் வழிவிடவில்லை.

தீனுக்காக ஊர் துறப்பதே மார்க்கம் கூறும் ஹிஜ்ரத். பிழைப்புக்காக வந்தவரை அந்தப் பொருளில் முஹாஜிர் என்று சொல்ல முடியாது. எனினும் அண்டை வீட்டாருக்கும் வழிப்போக்கருக்கும் நன்மை செய்யுமாறு 4:36 வசனம் கட்டளையிடுகிறது. ஜகாத் பெறும் எண்வகையினரில் ஒருவராக வழிப்போக்கரை 9:60 வசனம் குறிப்பிடுகிறது. முஸ்லிமல்லாதாரும் இந்த அக்கறைக்கு உரியவர்களே. நம்மோடு பகைகொண்டு போரிடாதவர்களுக்கு நன்மையும் நீதியும் செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்பதை 60:8 வசனம் தெளிவாக்குகிறது. மக்காவில் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு முதலில் அடைக்கலம் தந்தவரே அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி அல்லவா?

மஹல்லா செய்ய வேண்டியவை

முதலாவது, பதிவேட்டில் பெயர். நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் சந்தா செலுத்தும் குடும்பங்களே மஹல்லாவாசிகள். நிகாஹ் பதிவும், கபரஸ்தானில் இடமும், ஊர்ப் பஞ்சாயத்தில் குறை சொல்லும் உரிமையும் அதனைச் சார்ந்தே உள்ளன. வாடகை அறையில் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் வெளிமாநில முஸ்லிம் தொழிலாளி ஐவேளையும் நம் ஸஃப்பில் நின்று தொழுகிறார். ஆனால் அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் மவுத்தாகிவிட்டால் யாருக்குச் சொல்வது என்பதே தெரியாமல் நிர்வாகிகள் திகைக்கும் நிலை ஏற்படுகிறது. பெயர், சொந்த ஊர், வீட்டாரின் தொலைபேசி எண், வேலையிடம் ஆகிய நான்கையும் குறித்து வைக்க ஒரு தனிப் பக்கம் போதும். மாதம் 10 ரூபாயேனும் சந்தாவாகப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்தத் தொகை சிறிதாயினும், இது என் ஜமாஅத் என்று சொல்லும் தகுதியை அது அவருக்குத் தரும். தர இயலாதவரின் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.

2025 செப்டம்பர் 30ஆம் நாள் எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானப் பணியில் சாரம் சரிந்து, அஸ்ஸாமிலிருந்து வந்த தொழிலாளர்கள் 9 பேர் உயிரிழந்தார்கள். நம் வீடுகளில் எரியப்போகும் விளக்குக்காக உழைக்க வந்தவர்கள் அவர்கள். எந்த மதத்தவராயினும், இப்படி இறப்பவரின் குடும்பத்துக்குச் செய்தி சொல்லவும், இழப்பீட்டுக்கான தாள்களைச் சேர்க்கவும் உள்ளூரில் ஒரு கை வேண்டும். அந்தக் கை நம்முடையதாக இருக்கட்டும்.

இரண்டாவது, உரிமையை எடுத்துரைத்தல். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாடும் சேர்ந்துள்ளது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொந்த மாநிலத்தில் அட்டை உள்ளவர் இங்கேயும் தம் தானியத்தைப் பெறலாம். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் பள்ளிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். இவை தெரியாமலேயே எத்தனை குடும்பங்கள் கடையில் கூடுதல் விலைக்கு அரிசி வாங்குகின்றன! எத்தனை பிள்ளைகள் கட்டுமான மணலில் விளையாடிக்கொண்டே வயதைக் கடக்கின்றன! ஜும்ஆவுக்குப் பின் படித்த இளைஞர் இருவர் அரை மணி நேரம் பள்ளிவாசல் வராந்தாவில் அமர்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால், அது பல மூட்டை அரிசிக்குச் சமமான ஸதகாவாகும்.

மூன்றாவது, மொழி. பேச்சுத் தமிழ் தெரியாதவரை மேஸ்திரி ஏமாற்றுவது எளிது. மருத்துவரிடம் நோயைச் சொல்வது அரிது. நம் மதரஸாக்களில் இஷாவுக்குப் பின் பெரியவர்களுக்கு ஒரு மணி நேரத் தமிழ் வகுப்பு நடத்தலாம். உருது தெரிந்த ஆலிம்கள் பயானின் சாரத்தை ஐந்து நிமிடம் அவர்களுக்குச் சொல்லலாம். பெண்களுக்கு இதனை நம் வீட்டுத் தாய்மார்களே சிறப்பாகச் செய்ய முடியும். புதிதாக வந்த ஒரு பெண்ணை ரேஷன் கடைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒருமுறை உடன் அழைத்துச் செல்வது பெரிய உதவி.

நான்காவது, கண்ணியம். கொடுத்ததைச் சொல்லிக்காட்டித் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று 2:264 வசனம் எச்சரிக்கிறது. அரிசிப் பையைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவது, அந்தச் சொல்லிக்காட்டுதலின் இக்கால வடிவமாகிவிடக் கூடாது.

முதலாளிகளின் பொறுப்பு

ஆலை, உணவகம், ஒப்பந்தத் தொழில் நடத்தும் சகோதரர்களே! வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் கூறுவது, புகாரியில் உள்ள ஹதீஸ் குத்ஸியில் வந்துள்ளது. வியர்வை உலருமுன் கூலியைத் தந்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை இப்னு மாஜா பதிவு செய்துள்ளார். அடையாள அட்டையைப் பறித்து வைத்துக்கொள்வது, ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருகிறேன் என்று சம்பளத்தை நிறுத்துவது, தகரக் கொட்டகையில் இருபது பேரை அடைப்பது ஆகியவை எவ்வளவு வழக்கமாகிவிட்டாலும் அநீதியே.

‘இவர்கள் குறைந்த கூலிக்கு வந்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள்’ என்று உள்ளூர்த் தொழிலாளி வருந்துவதும் நம் காதில் விழுகிறது. அந்த வருத்தத்தை அலட்சியம் செய்யலாகாது. ஆனால் கூலியைக் குறைப்பவர் வந்தவர் அல்லர், கொடுப்பவரே. வந்தவருக்கு நியாயமான கூலி கிடைத்தால் உள்ளூராரின் கூலியும் தானாகக் காக்கப்படும். எனவே இருவருடைய உரிமையும் ஒன்றே.

வதந்திக்கு இடம் தராதீர்கள்

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொலிகள் பரவின. அச்சத்தில் பலர் வேலையை விட்டு ஊருக்குப் புறப்பட்டார்கள். அவை வேறு நிகழ்வுகளின் காட்சிகள் என்று காவல்துறை விளக்கியது. பீகார் அரசின் குழுவும் இங்கு வந்து விசாரித்தது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற 49:6 வசனமும், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை இழிவுபடுத்த வேண்டாம் என்ற 49:11 வசனமும் ஒரே அத்தியாயத்தில் இருப்பதைக் கவனியுங்கள். இழிவுபடுத்தும் பேச்சு வழக்கமாகிவிட்ட ஊரில் வதந்தி எளிதில் வேரூன்றும். ‘வடக்கன்’ என்று ஏளனமாக அழைக்கும் வழக்கத்தை நம் பிள்ளைகளின் நாவிலிருந்து நீக்குங்கள். ரங்கூனிலிருந்து வந்தவர்களை ‘பர்மாக்காரன்’ என்று விலக்கியிருந்தால் பர்மா பஜார் உருவாகியிருக்குமா?

நஜ்ஜாஷி மன்னரிடம் குறைஷியர் பரிசுகளோடு வந்து, அகதிகளை ஒப்படைக்குமாறு கேட்டார்கள். அவர் ஜஅஃபர் (ரலி) அவர்களை அழைத்து மறுதரப்பையும் கேட்டார்; உண்மை புரிந்ததும் பரிசுகளைத் திருப்பி அனுப்பினார். வந்தவரைப் பற்றி ஒரு சொல் கேட்கும் முன், வந்தவரிடமே ஒரு சொல் கேட்பது நீதி.

அன்பானவர்களே! 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2020 ஊரடங்கிலும் நம் பள்ளிவாசல்கள் மதம் பாராது சோறு சமைத்து வழங்கின. அந்த அடுப்பு அணையாதிருக்கட்டும். அதற்கடுத்த படியை இவ்வாரமே தொடங்குவோம். தொழுகை முடிந்து திரும்பும்போது, பின்வரிசையில் நிற்கும் அறிமுகமில்லாத ஒருவருக்கு ஸலாம் சொல்லி, அவர் பெயரையும் ஊரையும் கேளுங்கள். அவர் பெயர் மஹல்லா பதிவேட்டில் இருக்கிறதா என்று நிர்வாகியிடம் விசாரியுங்கள். முஆகாத் தொடங்குவது அங்கேதான்.

யா அல்லாஹ்! வீடிழந்தோருக்கு வீட்டையும், அஞ்சியோருக்கு அபயத்தையும், உழைப்போருக்கு ஹலாலான வருவாயையும் தந்தருள்வாயாக! எங்கள் உள்ளங்களிலிருந்து கஞ்சத்தனத்தையும் பொறாமையையும் அகற்றுவாயாக! அன்ஸார்களின் அடிச்சுவட்டில் நடந்தோராக எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் ஆக்கியருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.